பழைய ரேமைத் தூக்கிப் போட்டுவிடாதே

மாப்ளே,

உன் வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன், பின்னால் மிக்சி சத்தம் வேறு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் சப்போர்ட் முடிந்துவிட்டது, உன் ஸ்டுடியோவில் இருக்கும் ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5 ப்ராசசர் விண்டோஸ் 11 பட்டியலிலேயே இல்லை, கல்யாண வீடியோவை எடிட்டிங் டைம்லைனில் இழுத்தால் மாப்பிள்ளை தாலியைத் தூக்கியபடி உறைந்து நிற்கிறார், அதனால் புதிதாக அசெம்பிள் பண்ண வேண்டும், நல்ல கிராபிக்ஸ் கார்டாகச் சொல்லு. இதுதானே? கிராபிக்ஸ் கார்டைக் கொஞ்சம் தள்ளி வை.

தீபாவளிக்கு வந்தபோது உன் கேமரா செட்டிங்கைப் பார்த்தேன். எச்.265, 10 பிட், 4:2:2, அதாவது நிற விவரத்தை நிறைய வைத்துக்கொண்டு ஃபைலை இறுக்கிச் சுருக்கும் முறை. வம்பே அங்கேதான். அந்த ஃபைலைப் பிரித்துக் காட்டும் வேலையை ப்ராசசரின் வெறும் கோர்கள் (கணக்குப் போடும் பகுதிகள்) தலையில் கட்டினால் பெரிய ப்ராசசரே திணறும், அதற்கென்று சிப்புக்குள் தனிப் பகுதி வேண்டும். இன்டெல்லில் 11ஆம் தலைமுறையிலிருந்து உள்ளே இருக்கும் கிராபிக்ஸே அதைச் செய்துவிடுகிறது. என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அது வந்தது. நீ செகண்ட் ஹேண்டில் பார்த்து வைத்திருக்கும் பழைய வரிசை ஆர்டிஎக்ஸ் 3060 கார்டை வாங்கிப் போட்டாலும் மாப்பிள்ளை அப்படியேதான் நிற்பார்.

ஆகவே இன்டெல்லின் 14ஆம் தலைமுறை ஐ5 14500 ப்ராசசரை எடு. ஆறு பெரிய கோர், எட்டு சின்னக் கோர், உன் வேலைக்குத் தாராளம். பெயர் முடிவில் எஃப் இருக்கும் ப்ராசசரை மட்டும் தொடாதே, அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது. விலை கம்மி சார் என்று கடையில் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள்.

அடுத்தது ரேம். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கன்னாபின்னாவென்று ஏறிக் கிடக்கிறது, ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி சிப்பெல்லாம் போகிறது, நம்மைப் போன்ற ஆட்களுக்கு மிச்சம்தான். ஆனால் உன் பழைய மெஷினில் 8 ஜிபி ரேம் இரண்டு இருக்கிறதே! 14500-க்கான பி760 மதர்போர்டு டிடிஆர்4 ரேமுக்கும் வருகிறது, அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5-க்கும் வருகிறது. ஒன்றுக்கான ரேம் இன்னொன்றில் நுழையாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. அதனால் பெட்டியில் டிடிஆர்4 என்று போட்டிருப்பதைப் பார்த்து, நான்கு ஸ்லாட் உள்ள போர்டாக வாங்கு. இப்போதைக்குப் பழைய 16 ஜிபியில் ஓட்டு, முகூர்த்த சீசன் பணம் வந்ததும் ஏற்றிக்கொள். இதில் ஒரு குறையும் உண்டு, மறைக்க மாட்டேன்: போர்டில் ப்ராசசர் உட்காரும் இந்த சாக்கெட்டுக்குப் புது ப்ராசசர் இனி வராது. ஏஎம்டி கம்பெனியின் ஏஎம்5 சாக்கெட் என்றால் நாளைக்கு ப்ராசசரை மட்டும் மாற்றலாம். ஆனால் நீ ஏழு எட்டு வருஷம் ஒரே மெஷினை உருட்டுகிற ஆள், உனக்கு அது எதற்கு?

எஸ்எம்பிஎஸ், அதாவது மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே. 2003-இல் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பென்டியம் 4 வாங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ், அட்டையில் 400 வாட் என்று கொட்டை எழுத்து, ஒரு மழை நாளில் டப்பென்று வெடித்துப் போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் சேர்த்துக் கொண்டுபோனது. நம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும் அதோடு போச்சு. 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (கரண்டை வீணாக்காததற்கான தரச் சான்று), 650 வாட், ஐந்து வருஷ வாரன்டி, அவ்வளவு போதும், பின்னால் கார்டு போட்டாலும் தாங்கும். கேபினட் எதுவானாலும் சரி, முன்பக்கம் காற்று போக வழி இருக்கட்டும், கண்ணாடி விளக்கு ஜோடனையெல்லாம் உன் பையன் கேட்டாலும் வேண்டாம். வேகமான 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று போடு. முடிந்த கல்யாணங்களைப் பழைய ஹார்ட் டிஸ்குக்குத் தள்ளிவிடு.

மாட்டுவதை நாமே செய்யலாம், ஆனால் அந்தக் காலம் மாதிரி இல்லை. அப்போது பின்கள் ப்ராசசரில் இருந்தன, இப்போது போர்டில் இருக்கின்றன, முடி மாதிரி மெலிசு. முக்கோணக் குறியைப் பொருத்தி, மேலிருந்து நேராக வைத்துக் கையை எடுத்துவிட வேண்டும், அழுத்தவே கூடாது. பிறகு லீவரை இறக்கும்போது கரகரவென்று ஒரு சத்தம் வரும், கறுப்பு மூடி தானாகத் தெறிக்கும், போன வருஷம் அக்கா பையனுக்கு மெஷின் அசெம்பிள் பண்ணும்போது போர்டே உடைந்தது என்று நினைத்துவிட்டேன். அது அப்படித்தானாம். ஒரு பின் வளைந்தால் வாரன்டி காலி. கடையிலேயே பயாஸை (போர்டை எழுப்பும் உள் சாஃப்ட்வேரை) அப்டேட் பண்ணித் தரச் சொல்ல வேண்டும், ரொம்ப நாள் ஸ்டாக்கில் கிடந்த போர்டாக இருந்தால் 14ஆம் தலைமுறையை அடையாளம் தெரியாமல் முழிக்கும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறு, சனிக்கிழமை முழுக்க ரிச்சி ஸ்ட்ரீட்டைச் சுற்றலாம். ஞாயிறு என்றால் பாதிக் கடை பூட்டியிருக்கும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. இன்றைக்கே கேபினட்டைத் திறந்து ரேம் ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்பு. ஏழாம் தலைமுறைக்குச் சில போர்டுகளில் டிடிஆர்3-உம் போட்டார்கள். உன்னுடையது அதுவாக இருந்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் திரும்பப் போட வேண்டும்.