சாதுரியத்துக்கு அப்புறம் என்ன நடந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முன் சக்கரம் குறுக்கே திரும்பிக்கொண்ட நிலையில் லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கிய, அமெரிக்காவின் ஜெட்புளூ நிறுவன விமானம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். விறுவிறுப்பாக இருந்தது. ஆனால் விமானம் நின்றதும் கட்டுரையும் நின்றுவிட்டது. எனக்கு அதில்தான் குறை.

முதலில் ஒரு திருத்தம். விமானம் எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிட்டு இறங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். ஏர்பஸ் ஏ320இல் அந்த வசதி கிடையாது. பறந்துதான் தீர்க்க வேண்டும். 2005 செப்டம்பர் 21 அன்று பர்பேங்க்கிலிருந்து நியூயார்க்குக்குக் கிளம்பிய விமானம் சுமார் மூன்று மணி நேரம் சுற்றிக்கொண்டிருந்தது அதனால்தான். தொலைக்காட்சிகள் நேரலைக்கு வந்ததும், பயணிகள் தங்கள் இருக்கைத் திரையிலேயே தங்கள் விமானத்தைப் பார்த்ததும் அந்த மூன்று மணி நேரத்தில்தான். தான் பிழைப்போமா என்பதை அடுத்தவர் விவாதிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்ன கொடுமை!

சரி, அப்புறம் 146 பேரும் காயமின்றி இறங்கினார்கள். உடனே எல்லோரும் சொன்னது ‘அதிசயம்’. நம் பத்திரிகைகளுக்கு இன்னொரு சொல்லும் கைவசம் உண்டு: ‘சாதுரியமாகத் தரையிறக்கிய விமானி’. விமானி ஸ்காட் பர்க் பாராட்டுக்குரியவர்தான், மறுக்கவில்லை. லாங் பீச் கோபுரத்தின் அருகே தாழப் பறந்து சக்கரத்தின் நிலையைக் கீழே இருப்பவர்களைப் பார்க்கச் சொன்னது, பயணிகளைப் பின்பக்கம் நகர்த்தி மூக்குப் பகுதியின் பாரத்தைக் குறைத்தது, பின் சக்கரங்களில் இறங்கி மூக்கை முடிந்தவரை தூக்கியே வைத்திருந்தது என்று எதுவும் அந்த நேரத்துத் துணிச்சல் அல்ல. நிதானமாக யோசித்துச் செய்த வேலை. அதை அதிசயம் என்பது அவருக்கே மரியாதைக் குறைவு.

நீங்கள் விட்டுவிட்ட பகுதிக்கு வருகிறேன். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. சக்கரம் பக்கவாட்டில் திரும்பிவிடாமல் பிடித்து வைத்திருக்க வேண்டிய, காது போல நீட்டிக்கொண்டிருக்கும் உலோகப் பிடிகளில் இரண்டு உடைந்திருந்தன. ஏன் உடைந்தன? தரையிறங்குவதற்கு முன்பு, சக்கரம் ஒழுங்காகத் திரும்புகிறதா என்று விமானம் தானாகவே சோதித்துப் பார்க்கும். அந்தச் சோதனை திரும்பத் திரும்ப நடந்ததில் உலோகம் சோர்ந்து முறிந்திருக்கிறது. பாதுகாப்புக்காக வைத்த சோதனையே பாகத்தைத் தின்றுவிட்டது! போதாக்குறைக்கு, திரும்பிய சக்கரத்தை நேராக்க விடாதபடி கட்டுப்பாட்டுக் கணினியின் வடிவமைப்பே தடுத்திருக்கிறது. அதை மீட்டமைத்துப் பார்க்க விமானிகளிடம் வழிமுறை எதுவும் இல்லை. இன்னொன்று: 1999இலேயே ஒஹாயோவின் கொலம்பஸில் வேறொரு ஏ320 இதே கோலத்தில் இறங்கியிருந்தது. அங்கே காரணம் வேறு, ஆனால் சக்கரம் நின்ற கோணம் அதே 90 டிகிரி.

போலந்தில் நடந்ததும் இப்படித்தான். 2011 நவம்பர் 1 அன்று வார்சாவில், சக்கரம் இறங்காத போயிங் 767ஐ வயிற்றாலேயே தரையில் வழுக்கி நிறுத்தினார் விமானி ததேயுஷ் வ்ரோனா. 231 பேரும் பத்திரம். நாடே கொண்டாடியது. விமானத்தைத் தூக்கி நிறுத்திப் பார்த்தபோதுதான், மின்சுற்றைத் துண்டித்து வெளியே தள்ளி நின்ற ஒரு சர்க்யூட் பிரேக்கர் பொத்தான் கண்ணில் பட்டது. அதை அமுக்கிவிட்டு மாற்று முறையில் இயக்கினார்கள்; சக்கரங்கள் சமர்த்தாக இறங்கின. சக்கரங்களை வழக்கமாக இறக்கும் திரவ அழுத்தம் போனது தனிப் பழுது. ஆனால் அதற்கென்றே வைத்திருந்த மாற்று வழியையும் அடைத்தது இந்தச் சின்னப் பொத்தான்தான். வ்ரோனாவின் திறமை இதனால் ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் அடுத்த 767இல் ஏறுகிறவருக்கு எது உபயோகம், அவருடைய புகைப்படமா, இந்தப் பொத்தானின் கதையா?

விசாரணை அறிக்கை வர மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும். அதற்குள் செய்தி ஆறிப்போய்விடும் என்பது புரிகிறது. ஆனால் நீங்கள் எழுதியது பழைய சம்பவத்தைப் பற்றி; அறிக்கை எப்போதோ வந்துவிட்டது. ஒரு பத்தி கொடுத்திருக்கலாம். தீப்பொறி பறக்கும் அந்தப் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கியிருந்தாலே இடம் கிடைத்திருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்