செனட்டர் பல்டி அடிக்கல, சோளக்காட்டைப் பாக்கறாரு

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல அமெரிக்க செனட் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். அயோவா செனட்டர் சக் கிராஸ்லி, காத்தாலையே பிடிக்காத ட்ரம்ப்போட ரிபப்ளிகன் கட்சியில இருந்துகிட்டே காத்தாலைக்கு வக்காலத்து வாங்கறாரு, இரட்டை வேடம் போடறாருன்னு போட்டிருந்தீங்க. நான் இந்த அயோவாவுலதான் பதினோரு வருஷமா குப்பை கொட்டறேன். அது வேஷம் இல்லீங்க, ஊரோட வயித்துப்பாடு.

தலைநகர் டெ மாய்ன்ல இருந்து மேற்கால இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலைல ஒரு மணி நேரம் கார ஓட்டிப் பாருங்க, ரெண்டு பக்கமும் மக்காச்சோளம், நடு நடுவுல வெள்ளை வெளேர்னு காத்தாடி, தூண் அடி வரைக்கும் சோளத்தை விதைச்சு வச்சிருப்பாங்க, ஒரு வரிசையக் கூட வீணாக்க மனசு வராது இவங்களுக்கு. ராத்திரி போனா அத்தனை காத்தாடி உச்சியிலயும் சிவப்பு லைட்டு ஒண்ணா எரிஞ்சு ஒண்ணா அணையும். ஒரு காத்தாடி நிக்க எடம் விட்டா நிலத்துக்காரருக்கு வருஷத்துக்கு சில ஆயிரம் டாலர் வாடகை, மழை பெஞ்சாலும் சரி காஞ்சாலும் சரி. சோள விலை படுத்துட்ட வருஷத்துல அந்த செக்குதான் ட்ராக்டர் டியூவைக் கட்டும். ஸ்டேட்டோட கரண்ட்ல 60 சதவீதத்துக்குப் பக்கம் காத்துல இருந்துதான் வருது. விளையற சோளத்துல பாதிக்கு மேல எத்தனாலாப் போய் பெட்ரோல்ல கலக்குது, பங்க்குக்குப் போனா எதுல எவ்வளவு எத்தனால்னு பம்ப்லயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

காத்தாலைக்கு வரிச்சலுகைய 1992-ல முன்னால நின்னு கொண்டு வந்ததே கிராஸ்லிதான். 2016-ல ட்ரம்ப் அதுல கைய வைப்பாருன்னு பேச்சு வந்தப்ப, என் பொணத்தைத் தாண்டித்தான் அது நடக்கும்ங்கற மாதிரி பேசினவரு. 2025 ஜூலைல அந்தச் சலுகையச் சுருக்கற ட்ரம்ப் மசோதாவுக்கு கட்சியோட சேர்ந்து ஓட்டும் போட்டாரு, அடுத்த மாசமே செனட் ஒப்புதலுக்கு வந்த நிதித்துறை நியமனம் மூணைப் பிடிச்சு நிறுத்தி வச்சாரு, காத்தாலைக்கு விதிய ஒழுங்கா எழுதுங்க அப்புறம் விடறேன்னு. ஓட்டு கட்சிக்கு, முட்டுக்கட்டை ஊருக்கு! இதுல நீங்க அவரைத் திட்டினாலும் எனக்கு ஒண்ணும் இல்ல, ஆனா காரணத்தைச் சொல்லிட்டுத் திட்டுங்க.

ஒரே கட்சின்னா எல்லாரும் ஒரே பாட்டுதான் பாடுவாங்கன்னு நினைச்சுக்காதீங்க. டெக்சாஸ் எண்ணெய் பூமி, அங்க செனட்டர் டெட் க்ரூஸ், அவரும் ரிபப்ளிகன்தான். பெட்ரோல்ல எத்தனால் கலக்கணும்ங்கற விதியால சுத்திகரிப்பு ஆலைங்களுக்கு செலவு ஏறுதுன்னு, அயோவா வேளாண் செயலரா இருந்த பில் நார்த்தியோட மத்திய அரசு நியமனத்தை மாசக்கணக்கா நிறுத்தி வச்சாரு, 2018 பிப்ரவரிலதான் ஆளை விட்டாரு. சோளத்துக்கும் கச்சா எண்ணெய்க்கும் சண்டை, மாட்டிகிட்டு முழிச்சது நார்த்தி.

நம்ம ஆளுங்க செனட்டரை ராஜ்யசபா எம்பி மாதிரி நினைச்சுக்கறாங்க. இங்க 1913-க்கு அப்புறம் ஜனங்களே நேரா ஓட்டுப் போட்டு ஆறு வருஷத்துக்கு அனுப்பறாங்க, அந்த ஸ்டேட்டுல குடியிருக்கவும் வேணும். கிட்டத்தட்ட நாலு கோடி பேர் இருக்கற கலிஃபோர்னியாவுக்கும் ரெண்டு செனட்டர், ஆறு லட்சம் கூட இல்லாத வயோமிங்குக்கும் ரெண்டு. சின்ன ஸ்டேட்டுல ஒரே தொழிலை நம்பிப் பாதி ஊர் இருந்தா, அந்தத் தொழிலுக்கு வாஷிங்டன்ல கிடைக்கற குரல் அதோட தலைக்கட்டுக்கு சம்பந்தமே இல்லாம பெருசா இருக்கும். எனக்கு இது நியாயமாப் படல, ஆனா ஆட்டத்தோட விதி அதுதான்.

நிலக்கரி பூமியான வெஸ்ட் வர்ஜீனியாவுக்கு செனட்டரா இருந்த ஜோ மான்சினையும் அதே கட்டுரைல ஒரு வரில "டெமாக்ராட் வேஷத்துல ரிபப்ளிகன்"னு முடிச்சுட்டீங்க. அந்த ஸ்டேட்டுல 1950-ல 20 லட்சம் பேர், 2020 கணக்குல 18 லட்சம் கூட இல்ல, கீழவைல இருந்த மூணு சீட்டும் ரெண்டாச்சு. வயசுப் பசங்க வேலை தேடி வெளியேறிட்டாங்க, இருக்கறதுல அஞ்சுல ஒருத்தர் 65 தாண்டினவங்க. ஒரு காலத்துல லட்சம் பேருக்கு மேல இறங்கின நிலக்கரிச் சுரங்கத்துல இப்ப அதுல ஒரு சின்னப் பங்குதான் வேலை பாக்குது, ஆனா சுரங்கத்துல இறங்கின தாத்தா, பென்ஷனை எதிர்பாக்கற பாட்டி வீட்டுக்கு வீடு இருக்காங்க. அதனாலதான் அந்த ஆளு 2019-ல சுரங்கத் தொழிலாளி பென்ஷனுக்கு அப்படிப் போராடினாரு. 2021 டிசம்பர்ல பைடனோட பெரிய சமூக நல, பருவநிலை மசோதாவுக்கு டிவில உக்காந்து முடியாதுன்னாரு, 2022 ஆகஸ்ட்ல அதைச் சுருக்கினதுக்கு சரின்னாரு, அந்தச் சட்டத்துக்குள்ள பாத்தா நிலக்கரித் தூசில நுரையீரல் கெட்டவங்களுக்கான நிதிக்குப் போற வரிய நிரந்தரமாக்கற பிரிவு ஒண்ணு இருக்கு. அவர் குடும்பத்துக்கே நிலக்கரி வியாபாரம் இருந்துச்சு, அதை மறைச்சுட்டு அவரை தியாகியாக்கவும் நான் வரல.

நெவாடா பக்கம் வந்தா இன்னும் ஈசி, லாஸ் வேகஸ் ஹோட்டல்ல டிப்ஸை நம்பி வாழறவங்க ஓட்டு அங்க. டிப்ஸுக்கு வருமான வரி வேணாம்னு ட்ரம்ப் ஆரம்பிச்சதை 2025 மே மாசம் செனட்ல எழுந்து நின்னு ஒருமனதா நிறைவேத்த வச்சது யாருன்னு பாருங்க, டெமாக்ராட் ஜாக்கி ரோசன்.

அடுத்த தடவை செனட்டர் பேருக்குப் பக்கத்துல அடைப்புக்குறில கட்சிப் பேரோட, அந்த ஸ்டேட்டுல என்ன விளையுது, யாரு குடியிருக்காங்கன்னு ரெண்டு வார்த்தை சேர்த்துப் போடுங்க. அப்புறம் ஒண்ணு, "அயோவா காத்தாலை"ன்னு நீங்க போட்ட படத்துல பின்னாடி மலை தெரியுது. இங்க மலையே கிடையாது சார்.

இப்படிக்கு,
அயோவாவுல இருந்து ஒரு வாசகர்