துணை உணவை அன்றாட உணவு என்று விற்றது குறித்துப் புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர், மதுரை

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
பூனை உணவு இறக்குமதி நிறுவனம், சென்னை

பொருள்: ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கப்பட்ட உணவு விவரம்

ஐயா / அம்மா,

நீங்கள் தாய்லாந்திலிருந்து இறக்குமதி செய்யும் சூரை மீன் பாக்கெட்டை எங்கள் பூனை செவலைக்கு 7 மாதமாக இரண்டு வேளையும் கொடுத்து வந்தேன். வேறு எதுவும் கொடுக்கவில்லை. உங்கள் இணையதளத்தில் 'வளர்ந்த பூனைகளுக்கான தினசரி உணவு' என்றுதான் போட்டிருந்தது. தானியம் கலக்காமல், மீன் துண்டு கண்ணுக்குத் தெரிகிறதே, உலர்தீனியை விட நல்லது என்று நம்பி, விலை கூடுதலாக இருந்தும் வாங்கினேன்.

போன மாதம் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது எடை குறைந்திருந்தது. என்ன சாப்பிடுகிறான் என்று மருத்துவர் கேட்டார். பாக்கெட்டைக் காட்டினேன். விலையும் உங்கள் முகவரியும் அச்சிட்ட வெள்ளை ஸ்டிக்கர், சேர்மானப் பட்டியலின் மேலேயே ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து வெந்நீரில் நனைத்து உரித்தேன். அடியில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், 'துணை உணவு' என்று இருந்தது. அதாவது எல்லாச் சத்தும் உள்ள முழு உணவோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். மீன், தண்ணீர், கெட்டியாக்கும் பொருள், அவ்வளவுதான். பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்தைச் சேர்க்கவில்லை, வைட்டமினும் சேர்க்கவில்லை. மீதியிருந்த 30 பாக்கெட்டிலும் ஸ்டிக்கர் அதே இடத்தில் இருக்கிறது.

பூனையால் தனக்கு வேண்டிய அளவு டாரினை உடம்பிலேயே உண்டாக்கிக்கொள்ள முடியாது. உணவில் வந்தாக வேண்டும். மாதக்கணக்கில் குறைந்தால் இதயத் தசை தளர்ந்துவிடும், விழித்திரை கெடும். போன பார்வை திரும்பாது. பூனைகளின் இந்த இதய நோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பை 1987இலேயே கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதற்குப் பிறகு உற்பத்தியாளர்கள் டாரின் அளவைக் கூட்டினார்கள். இந்த வியாபாரத்திலேயே இருக்கும் உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

மீனிலேயே டாரின் இருக்குமே என்று நானும் கேட்டேன். இருக்கும், ஆனால் வேகவைத்துப் பதப்படுத்திய பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை நம்பி ஒரு பூனையை வளர்க்க முடியாது, முள் நீக்கிய சதையில் கால்சியமும் போதாது என்றார் மருத்துவர்.

இதயத்துக்கு எக்கோ எடுத்தோம். கண்ணையும் சோதித்தார்கள். நல்லவேளையாக இதுவரை பாதிப்பில்லை. அது தெரியும்வரை எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் உங்கள் சேவை எண்ணில் பேசியவரோ, "கடைக்காரரிடம் கேளுங்கள் மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஸ்டிக்கரை ஒட்டியது நீங்கள்தானே?

உணவு கெட்டது என்று நான் சொல்லவில்லை. முழு உணவோடு கொஞ்சம் கொடுக்கலாம் என்று மருத்துவரே சொன்னார். என்ன உணவு என்பதை மறைத்து விற்றதைத்தான் கேட்கிறேன். 'துணை உணவு' என்பதை முன்பக்கத்தில் தமிழிலும் பெரிதாகப் போடுங்கள். ஸ்டிக்கரை வேறு இடத்தில் ஒட்டுங்கள். இணையதளத்தில் உள்ள 'தினசரி உணவு' என்பதை இன்றே எடுங்கள், இதை நம்பி இன்னும் எத்தனை பேர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்களோ. அப்புறம் 30 பாக்கெட்டின் விலையையும் பரிசோதனைச் செலவையும் திருப்பித் தர வேண்டும்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ரசீதுகளையும், ஸ்டிக்கர் ஒட்டியும் உரித்தும் எடுத்த படங்களையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செவலையை வளர்ப்பவர்