ஞாயிறு குட்டிப் புத்தகம்: தாளும் தையலும்

வணக்கம் மக்களே. கையால் குட்டிப் புத்தகம் தைக்கக் கூடுகிறோம்: ஞாயிறு காலை 10 மணி, நம் வீட்டு மாடி. தாள் வாங்க பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் போகிறவர்கள் உள் பக்கங்களுக்கு 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை), அட்டைக்கு 250 கேளுங்கள். இப்போது எங்கே பார்த்தாலும் பழுப்பு கிராஃப்ட் தாளும் வாஷி டேப்பும் (அலங்காரக் காகித டேப்) தான். நல்லதே. மினுமினுப்புத் தாள் மட்டும் வேண்டாம். போன முறை உதிர்ந்தது இன்னும் என் பாயில் மின்னுகிறது.

ஏ4 தாளை மூன்று முறை பாதியாக மடித்தால் ஏ7 அளவு வரும், 8 இதழ், 16 பக்கம். முதுகை, அதாவது தைக்கப்போகும் மடிப்பை, விட்டுவிட்டு மற்ற மடிப்புகளை வெட்டுங்கள். அட்டைத் தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்த வாக்கில் எளிதாக வளைகிறதோ அந்த வாக்கில் முதுகு வரட்டும். இல்லாவிட்டால் மடிப்பில் வெடிக்கும்.

தையலுக்கு மூன்று துளை போதும். நூல் புத்தக உயரத்தைப் போல் மூன்று மடங்கு. உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே வாருங்கள், மேல் துளையில் உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே, மறுபடி நடுவில் உள்ளே. உள்ளே ஓடும் நீள நூலின் இருபுறமும் ஒவ்வொரு முனை இருக்க வேண்டும். அதன் மேல் முடிச்சு. நான் முதல் தடவை இதை மறந்துவிட்டு, முடிச்சு தொளதொளவென்று தொங்கியது.

மெழுகுவர்த்தித் துண்டு கொண்டுவாருங்கள், நூலில் தேய்க்க. மடிப்பை அழுத்த ஸ்பூனின் முதுகே போதும். அப்புறம், வருகிறவர்கள் சனி இரவுக்குள் இங்கே சொல்லிவிடுங்கள். ஊசி எண்ணி வைக்க வேண்டும்.