முதலில் உள்ளே உட்கார்ந்து பார்

அன்புள்ள கண்ணனுக்கு,

எந்தக் காரை வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய மூன்று வண்டிகளின் படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாமே வெளியே நின்று எடுத்தவை. டிரைவர் சீட்டிலிருந்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லையேடா! வெளியழகை ரோட்டில் போகிறவர்கள் ரசிக்கட்டும். நீ தினமும் உட்காரப்போவது உள்ளே.

அதனால் முதலில் சீட்டை உன் உயரத்துக்குச் சரிசெய்துகொண்டு உட்கார். முன்கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் கூரையைத் தாங்குகிற தூண் இருக்கும், ஏ பில்லர் என்பார்கள். வண்டி உருண்டாலும் கூரை நசுங்காமல் இருக்க வேண்டும் என்பதால் அதைத் தடியாக வைக்கிறார்கள். அந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஸ்டைலுக்காகக் கண்ணாடியை ரொம்பவும் சாய்த்துவிட்டால், வளைவில் திரும்பும்போது அந்தத் தூண் ரோட்டைக் கடக்கிற ஒரு ஆளையே மறைத்துவிடும். கூட வருபவரைக் கொஞ்சம் தள்ளி முன்னால் குறுக்கே நடக்கச் சொல். எத்தனை அடி தூரம் அவர் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார் என்று பார்.

அடுத்தது அந்தப் பெரிய தொடுதிரை. ஏசியைக் கூட்டுவதற்கு எதற்கடா திரை? திருகுகிற குமிழ் என்றால் கை தானாகப் போய்விடும், கண் ரோட்டிலேயே இருக்கும். 2022இல் ஸ்வீடனில் ஒரு கார் பத்திரிகை இதைச் சோதித்தே பார்த்தது. 110 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே ஏசி, ரேடியோ போன்ற நான்கு வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். பொத்தான்கள் உள்ள 2005ஆம் ஆண்டு வோல்வோவில் அவை 10 வினாடியில் முடிந்துவிட்டன. திரையை நம்பிய புது வண்டி ஒன்றில் 44 வினாடிக்கு மேல் ஆனது. அந்த வேகத்தில் 44 வினாடி என்றால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிடும்! கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் போடுகிற ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப்பும் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்குத் தனிச் சுவிட்ச் வேண்டும் என்று 2026 முதல் தன் மதிப்பெண் விதியை மாற்றியிருக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

நீ ஆசைப்படுகிற பெரிய சக்கரத்துக்கு வருகிறேன். டயரின் பக்கவாட்டில் 205/55 ஆர்16 என்று போட்டிருந்தால், அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், அதாவது ஏறக்குறைய 113 மில்லிமீட்டர். கடைசியில் வரும் 16, ரிம்மின் அங்குல விட்டம். அதே வண்டிக்கு 225/40 ஆர்18 மாட்டினால் அந்த உயரம் 90 ஆகக் குறைந்துவிடும். பள்ளத்தில் இறங்கும்போது அதிர்ச்சியை முதலில் வாங்குவது அந்த ரப்பரும் அதற்குள் இருக்கிற காற்றும்தான். அது குறைந்தால் அடி நேராக ரிம்முக்குப் போகும், அங்கிருந்து உன் முதுகுக்கு வரும். டயர் மாற்றும்போது செலவும் கூடுதல். படத்தில் எடுப்பாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சின்ன ரிம் வருகிற மாடலையே எடு.

சின்ன வண்டி என்றால் மட்டம் என்று நினைக்காதே. 1959இல் வெளிவந்த மினி என்ற குட்டிக் காரை அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தபோது எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்து, கியர்பாக்ஸை அதன் அடியிலேயே அடக்கி, சக்கரத்தை 10 அங்குலத்துக்குக் குறைத்தார். மூன்று மீட்டரைச் சற்றே தாண்டிய நீளத்தில் நான்கு பேர் உட்கார இடம் கிடைத்தது. ஜியூஜாரோ என்ற இத்தாலிய வடிவமைப்பாளர் 1980இல் வெளிவந்த ஃபியட் பாண்டா காருக்கு எல்லாமே தட்டையான கண்ணாடியாக வைத்தார், செய்வதும் மாற்றுவதும் சுலபம் என்று. வடிவமைப்பு என்றால் எனக்கு இதுதான். உட்காருகிறவரையும் செலவு செய்கிறவரையும் மனதில் வைத்து யோசித்திருக்கிறார்கள். உன் மூன்றில், கூரை உயர்ந்த அந்தக் குட்டி வண்டிக்குத்தான் என் ஓட்டு.

பழைய வண்டி வாங்குவதானால் டயரில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படி. 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. டயரின் பட்டன், அதாவது ரோட்டில் படுகிற வரிகள், தேயாமல் பளபளவென்று இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். பிரேக் ஆயிலை எப்போது மாற்றினார்கள் என்றும் கேள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இழுக்க இழுக்கக் கொதிநிலை இறங்கும். நீளமான இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வார்கள். உன் வண்டிக்கு எப்போது என்று மேனுவலில் இருக்கும். அதை முழுக்கப் படித்துவிடு, நான் ஒவ்வொரு வண்டிக்கும் படித்திருக்கிறேன்.

பகலில் ஒரு தடவை, இருட்டின பிறகு ஒரு தடவை ஓட்டிப் பார். ராத்திரியில் அந்தத் திரையின் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதா என்று கவனி. ஓட்டிவிட்டு எனக்குப் போன் பண்ணு, கிளட்ச் எப்படி இருந்தது என்பதிலிருந்து எல்லாம் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அம்மா