கரணையோடு கொஞ்சம் விதையும் கொடுங்கள்

தீவனத் திட்டம் வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் ஐந்து ஏக்கர் கொறங்காடும் (வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் காடு), கட்டுத்தரையில் ஒன்பது உருப்படியும் வைத்திருப்பவன் எழுதுகிறேன்.

மானியத்தில் கிடைக்கும் கம்பு நேப்பியர் தீவனப் புல்லின் கரணையை, அதாவது நடும் தண்டுத் துண்டை, குறை சொல்ல வரவில்லை. கிணற்றோரம் அரை ஏக்கரில் நானும் அதில் கோ 4 ரகம் நட்டிருக்கிறேன். தழைந்துவிட்டால் நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு அறுப்பு. பால் மாட்டுக்கு வேறு வழியில்லை. ஆனால் கம்புக்கும் நேப்பியருக்கும் பிறந்த இந்தப் புல் மலடு, விதை பிடிக்காது. கரணையை வெட்டி வெட்டித்தான் நடுகிறோம். என் வயலில் நிற்பதும் ஒட்டன்சத்திரத்தில் நிற்பதும் ஒரே செடியின் துண்டுகள். ஒன்றைச் சாய்க்கும் நோய் எல்லாவற்றையும் சாய்க்கும். கென்யாவில் நேப்பியருக்குக் கரிப்பூட்டை என்ற பூஞ்சை நோய் வந்தபோது, பல இடத்துப் புல்லை எடுத்துச் சோதித்துத்தான் அதைத் தாங்கும் காகமேகா 1 ரகத்தைக் கண்டார்கள். நம்மிடம் சோதிக்க எத்தனை வகை மிஞ்சும்?

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததே, அப்போது கிணறு வற்றி என் நேப்பியர் தூரோடு கருகியது. கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லும் காய்ந்துதான் போனது. காட்டிலுள்ள வெள்வேல மரத்துக் காயைப் பொறுக்கிப் போட்டு மாடுகளைக் காப்பாற்றினேன். அடுத்த வருசம் ஒரு நல்ல மழை இறங்கியதும் அந்தப் புல் பழைய தூரிலிருந்தே பச்சை கட்டியது. நேப்பியருக்குப் புதுக் கரணை வாங்க வேண்டியிருந்தது.

கொழுக்கட்டை எல்லாம் ஒன்றுதானே என்பீர்கள். என் காட்டிலேயே மேட்டில் நிற்பது குட்டை, இலை நீலம் பாய்ந்திருக்கும். பள்ளத்தில் நிற்பது இடுப்பளவு, கதிர் செம்மை. மாடு முதலில் வாய் வைப்பது மேட்டுப் புல்லில்தான். இந்தப் புல்லில் இன்னொரு விசயம்: விதையில் முளைத்தாலும் பெரும்பாலும் தாயை அப்படியே உரித்து வைக்கும், மகரந்தம் கலந்து புது வகை பிறப்பது அரிது. ஆகவே வீட்டுமனையாகச் சைட் போட்ட நிலத்தோடு ஒரு வகை போனால், பக்கத்துக் காட்டுப் புல்லை வைத்து அதை மீட்க முடியாது. சோளத்தட்டிலும் இதே கதைதான். அப்பா விதைத்த பெரியமஞ்சள் சோளத்தைக் கேட்டால், கடைக்காரர் பாக்கெட் விதையை நீட்டுகிறார்.

கரணையோடு கொழுக்கட்டை விதையும், அதனுடன் கூடி வளரும் நரிப்பயறு, செப்புநெருஞ்சி விதையும் கொடுங்கள். கொறங்காடுகளைச் சுற்றியிருக்கும் கிளுவை வேலி கிளுவை வேலியாகப் போய்ப் புல் வகைகளைச் சேகரியுங்கள். விதைக்காக ஒரு பருவம் மேய்க்காமல் விடுகிறவனுக்கு, அந்த மாதங்களின் தீவனச் செலவையாவது ஈடுகட்டுங்கள். இல்லாவிட்டால் யாரும் விடமாட்டார்கள், நானும்தான்.

ஐப்பசி மழை பெய்து கதிர் முற்றும் நேரத்தில் ஆளனுப்புங்கள். தாமதித்தால் காற்றில் உதிர்ந்துவிடும், கையால்தான் உருவ வேண்டும். மேட்டுக்கு ஒன்று, பள்ளத்துக்கு ஒன்று என்று இரண்டு சாக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கொறங்காட்டுக்காரன்