அந்த நீலக் கயிற்றுக்காரருக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அனைவருக்கும்,

என் கணவர் நடக்கிறார். தூங்குகிறார். சாப்பாட்டில் உப்பைக் குறைத்தால் முகத்தைச் சுளிக்கிறார். நேற்று காலை யாரையும் கேட்காமல் தானே மாடிப்படி இறங்கி வந்து, நான் போட்ட சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார். "இனி பயமில்லை" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு எழுதவே கை வந்தது.

அன்று இரவு, இங்கிலாந்துக் கால்வாயில் வாடகைப் படகில் இருந்தபோது, அவர் உயிருக்கே ஆபத்தாகி ஆம்புலன்ஸில் போக வேண்டி வந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். என்னிடம் கேட்டீர்கள், தம்பியிடம் கேட்டீர்கள், இரண்டு பேரும் போனை எடுக்காதபோது எங்களுக்குத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டீர்கள். அதை இன்னொரு தடவை சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றி மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

முதலில், ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டியவர்கள். அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்தபோது மறுமுனையில் பதறாமல் பேசிய பெண்ணுக்கு நன்றி. கால்வாயில் தெருப் பெயரும் கிடையாது, கதவு எண்ணும் கிடையாது. பாலத்தில் பதித்திருக்கும் எண்தான் விலாசம். "பக்கத்துப் பாலத்தின் எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று அவர் கேட்டதும் இருட்டில் செருப்பில்லாமல் ஓடிய தம்பி மனைவிக்கு நன்றி. ரோட்டு முனையில் போய் நின்று செல்போன் வெளிச்சத்தை ஆட்டி ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டிய சைக்கிள் பையனின் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸில் வந்தவர்கள், பாத் நகர மருத்துவமனையின் டாக்டர்கள், அதைவிட ஒருபடி மேலாக அங்கே இரவு வேலை பார்த்த நர்ஸ்கள். அதில் ஒருவர் நாற்காலியில் சுருண்டிருந்த எனக்கும் ஒரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். அதுவரை பெயர்கூடத் தெரியாத எங்களுக்காக பிரிஸ்டலிலிருந்து ரசமும் சோறும் கட்டி எடுத்துவந்த குடும்பம். வாடகை நாள் முடிந்த பிறகும் "படகு எங்கே போய்விடப் போகிறது, மெதுவாகக் கொண்டு வாருங்கள்" என்று சொன்ன படகுக்காரர். கோயிலில் அர்ச்சனை செய்தவர்கள், மெழுகுவத்தி ஏற்றியவர்கள், துஆ கேட்டவர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுவேன். இன்றைக்கு எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்த மடலை எழுத உட்கார்ந்தது இன்னொருவருக்காக. நீங்கள் யாரும் அவரைப் பற்றிக் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் முடியாது. எங்களுக்குப் பின்னால் கட்டியிருந்த படகில் தனியாகக் குடியிருக்கும் ஒரு பெண்மணி அவர். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். படகின் கூரை முழுக்க பூந்தொட்டியும் அவரைக் கொடியுமாக வைத்திருந்தார். அவர் செய்தது என்னவென்று புரிய வேண்டுமானால், இந்தக் கோடை எங்களுக்கு எப்படிப் போனது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

முதல் பாதி கடலில் போனது. தம்பியின் சிநேகிதர் தன் பாய்மரப் படகைக் கொடுத்திருந்தார். சவுதாம்ப்டன் பக்கமிருந்து கிளம்பி, வைட் தீவைத் தொட்டு, பூல் துறைமுகம், லல்வர்த், வேமத் என்று டார்செட் கரையோரமாகவே போனோம். ஓல்ட் ஹாரி என்ற வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளையும், கடலுக்குள் கால் நீட்டி வளைவாக நிற்கும் டர்டில் டோரையும் தண்ணீரிலிருந்து பார்ப்பது தனி அழகு. ஆனால் எனக்கு அதிகம் ஞாபகமிருப்பது தம்பியின் ஓத அட்டவணைதான். காலையில் டீ குடிப்பதற்கு முன்னால் அதைத்தான் திறப்பான். தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும், எந்தப் பக்கம் ஓடும் என்று பார்க்காமல் கயிற்றை அவிழ்க்கவே மாட்டான். அந்தக் கடலும் லேசுப்பட்டதல்ல. சவுதாம்ப்டனில் தண்ணீர் உச்சத்துக்கு வந்து, கொஞ்சம் இறங்கி, மறுபடி உச்சத்துக்கு வரும். ஹர்ஸ்ட் கோட்டைக்கும் தீவுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் எதிர் ஓட்டத்தில் மாட்டினால், பாய் முழுக்க விரிந்திருந்தாலும் கரை நகராது. போர்ட்லண்ட் முனையில் நீரோட்டங்கள் மோதிக் கொந்தளிக்கும் இடத்தைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி.

துறைமுகத்துக்குள் நுழையும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்தேன். நம் படகு நெருங்குவதைப் பார்த்ததும், பக்கத்துப் படகில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கூட தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்து நம் கயிற்றை வாங்கிக் கட்டிக்கொடுப்பார். பெயர் கேட்பதில்லை. கட்டி முடித்ததும் தலையசைத்துவிட்டுப் போய் மறுபடி சாப்பிடுவார். நம் படகின் கயிறு நல்லபடியாக இருக்க வேண்டும் என்பது அவருக்கும் ஒரு கவலை.

நடுவில் கொஞ்ச நாள் ஊர் சுற்றினோம். சாலிஸ்பரி தேவாலயத்தின் 123 மீட்டர் உயரக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. 1215-ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தின் ஒரு பிரதி அங்கே இருக்கிறது. பாத்தில் ரோமானியர் கட்டிய வெந்நீர்க் குளத்தைப் பார்த்தோம். அதே பாத்துக்கு அப்புறம் எந்தக் கோலத்தில் போவோம் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? சரி, விடுங்கள்.

ஆகஸ்டில் கால்வாய்க்கு வந்தோம். கென்னட் அண்ட் ஏவன் கால்வாயின் நீளம் 87 மைல். ரெடிங்கிலிருந்து பிரிஸ்டல் வரைக்கும் போகிற நீர்வழி. ஜான் ரென்னி என்ற பொறியாளர் வகுத்தது, 1810-இல் முடிந்தது. ரயில் வந்ததும் சரக்குப் போக்குவரத்து படுத்துவிட்டது. நாளடைவில் படகை ஏற்றி இறக்கும் லாக்குகள் பாழாகி, பல இடங்களில் தண்ணீரே இல்லாமல் புதர் மண்டிப் போனது. மூடிவிடலாம் என்று பேசியவர்களோடு மல்லுக்கட்டி, வார இறுதிகளில் சேற்றில் இறங்கி வேலை செய்து அதை மீட்டவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத சாதாரண ஜனங்கள். 1990-இல் எலிசபெத் ராணி வந்து மறுபடி திறந்துவைத்தார். நாங்கள் பிராட்ஃபர்டு-ஆன்-ஏவனில் நாரோபோட் என்ற ஒடுங்கிய நீளப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து டிவைசஸ் பக்கம் கிளம்பினோம். கால்வாயில் மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக் கூடாது. கடலில் வாயையே திறக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் கணவர், கால்வாய்க்கு வந்ததும் சுக்கானைப் பிடித்தபடி பாட்டு பாட ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பெண்மணியை முதலில் பார்த்தது செமிங்டன் லாக்கில். படகை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் இரு முனையிலும் கதவு வைத்த தண்ணீர்த் தொட்டிதான் லாக். இந்தக் கால்வாயின் லாக்குகளில் இரண்டு நாரோபோட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க இடமிருக்கும். தண்ணீர் மிச்சம், வேலையும் மிச்சம். அவர் தன் படகை எங்கள் படகோடு உரசாமல் ஒட்டி நிறுத்தினார். கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போடப் போன என்னைப் பார்த்து, "லாக்குக்குள் எதையும் கட்டக் கூடாது. கையிலேயே பிடித்துக்கொண்டு, விட்டும் இழுத்தும் கொடு" என்றார். எங்களோடு அவர் பேசியது அநேகமாக அவ்வளவுதான். அளந்து பேசுபவர். சீண்ட் லாக்குகளின் பக்கம் நாங்கள் கரையில் கட்டியபோது அவரும் எங்களுக்குப் பின்னால் கட்டினார். அன்று இரவுதான் அது.

எல்லோரும் ஆம்புலன்ஸின் பின்னாலேயே போய்விட்டோம். தம்பி கதவை மட்டும் பூட்டினான். படகு என்று ஒன்று இருப்பதே எங்களில் யாருக்கும் அதற்கப்புறம் நினைவில் இல்லை.

கடல் மாதிரி கால்வாயில் ஏற்றம், வற்றல் கிடையாது. ஆனால் இரவில் கீழ்பக்க லாக்கின் மதகு முழுக்க மூடாமல் இருந்தால், அல்லது அதன் பழைய மரக்கதவில் கசிவு அதிகமாக இருந்தால், இரண்டு லாக்குகளுக்கு நடுவிலுள்ள நீர்மட்டம் சத்தமில்லாமல் இறங்கும். கரையோரம் ஆழம் குறைவு. கயிறு இழுத்துக் கட்டிய படகின் ஒரு பக்கம் கரைமேட்டில் தட்டி நின்றுவிடும், மறுபக்கம் தண்ணீரோடு சேர்ந்து கீழே போகும். படகு சாயும். நன்றாகச் சாய்ந்தால், தாழ்ந்த பக்கத்தில் சமையல் தொட்டித் தண்ணீர் வெளியே போகும் துளை வழியாகக் கால்வாய் உள்ளே வரும். அப்படி மூழ்கிய படகுகள் உண்டு என்று அப்புறம்தான் கேள்விப்பட்டோம்.

அன்று இரவு அங்கே தண்ணீர் இறங்கியிருக்கிறது.

என் கணவர் உயிருக்கு இருந்த கண்டம் தாண்டிய பிறகு, மாற்றுத் துணி எடுக்க நானும் தம்பியும் படகுக்குத் திரும்பி வந்தோம். பின்னால் நின்ற படகைக் காணோம். நிரந்தரமாகப் படகு கட்ட இடம் வாங்காமல் கால்வாயிலேயே குடியிருப்பவர்கள் ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாதென்று விதி இருக்கிறது. அவர்கள் நகர்ந்துகொண்டேதான் இருப்பார்கள். எங்கள் படகு நேராக நின்றது. சுக்கான் பிடியில் ஒரு துணி கிளிப், அதில் பிளாஸ்டிக் உறைக்குள் விதைப் பொட்டலத்தின் கிழித்த அட்டை ஒன்று. அதன் பின்புறம் பென்சிலில் எழுதியிருந்தார். இரவு 1.40: தண்ணீர் இறங்குகிறது, இரண்டு கயிற்றையும் தளர்த்தினேன். 3.15: உங்கள் கழியால் படகை ஆழத்துக்குத் தள்ளினேன், முன்கயிறு நீளம் போதவில்லை, என்னுடையது ஒன்றைப் போட்டிருக்கிறேன். 5.30: பரவாயில்லை. 9.00: லாக் தொண்டர்கள் மேலிருந்து தண்ணீர் விட்டார்கள், மட்டம் ஏறியது, இழுத்துக் கட்டிவிட்டேன். கடைசி வரி: நான் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

அந்தக் கடைசி வரியில்தான் நான் உடைந்தேன். மருத்துவமனையில் அழாதவள், கரைப்பாதையில் உட்கார்ந்து அழுதேன். ஆளில்லாத ஒரு வீட்டை ராத்திரி முழுக்கக் காவல் காத்துவிட்டு, அந்த வீட்டுக்காரர்களுக்குக் கூச்சம் வரக் கூடாதே என்றும் யோசித்திருக்கிறார் பாருங்கள்.

கூரை மேல் எங்கள் நீளக் கழி வைத்த இடத்திலேயே இருந்தது. அதன் நுனியில் மட்டும் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. கதவைத் திறந்து உள்ளே போனால், அடுப்பு மேடையில் என் கணவர் பாதி குடித்து வைத்த டீ அப்படியே இருந்தது. மேலே ஆடை படிந்திருந்தது, ஒரு சொட்டு சிந்தவில்லை. பக்கத்தில் அவர் மூக்குக்கண்ணாடி, மாத்திரை டப்பா, மடக்கி வைத்த வரைபடம். இவை எல்லாம் தரையில் உருண்டு, தண்ணீரில் ஊறிக் கிடந்திருந்தால் அந்த நேரத்தில் அதைப் பார்த்து நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது. அந்தக் கண்ணாடியைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தபோது, "படகு எப்படி இருக்கு?" என்றார். கண் விழித்த பிறகு அவர் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது. "நல்லா நேரா நிக்குது" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

மருத்துவமனையில் இருக்கும்போது எத்தனையோ பேர் "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டீர்கள். மனசார கேட்டீர்கள் என்று தெரியும். என்ன வேண்டும் என்று சொல்லத்தான் எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் அது ஒரு பரீட்சை மாதிரி இருந்தது. இந்த அக்கா (மனசுக்குள் அப்படித்தான் கூப்பிடுகிறேன்) எதையும் கேட்கவில்லை. நாங்களே மறந்துபோன ஒன்றைப் பார்த்தார், கையில் எடுத்தார், முடித்தார், போய்விட்டார். தன் கயிறு எங்களிடம் இருக்கிறது, எந்தக் கயிறு எதற்கென்று நாங்கள் குழம்பக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் குறிப்பே. இல்லாவிட்டால் எங்களுக்குத் தெரிந்தேயிருக்காது.

படகைத் தம்பியும் அவன் மனைவியும்தான் டிவைசஸ் வரை கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டு வந்தார்கள். வழியில் கேன் ஹில்லில் இரண்டு மைலுக்குள் 29 லாக்குகள் இருக்கின்றன, 237 அடி ஏற்றம். அதில் 16 ஒரே நேர்க்கோட்டில் மலைமேல் ஏறும். இரண்டு பேருக்கு அது முதுகை ஒடிக்கிற வேலை. அங்கிருந்த தொண்டர்கள் விஷயம் தெரிந்து, முன்னாலேயே போய் ஒவ்வொரு கதவாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். அவர்களும் சம்பளத்துக்கு வந்தவர்கள் இல்லை. கடலில் உயிர் காக்கும் ஆர்.என்.எல்.ஐ. படகுகளில் போகிறவர்களும் பெரும்பாலும் அப்படித்தான். 1824-இலிருந்து நடக்கிறது அந்த அமைப்பு. இந்தக் கோடையில் எங்களுக்கு அவர்கள் தேவைப்படவில்லை, ஆனாலும் துறைமுகங்களில் அவர்கள் படகு தயாராக நிற்பதைப் பார்த்தபோது வந்த தைரியத்துக்கு இனி வருடா வருடம் எங்களால் ஆனதை அனுப்புவோம். என் கணவரும் நானும் பேசி முடிவு செய்துவிட்டோம்.

இன்னொரு முடிவு என்னுடையது. ஆளில்லாத படகு ஒன்றைக் கடந்து போகும்போது அதன் கயிற்றைப் பார்க்காமல் போகமாட்டேன். படகுக்கு மட்டும் சொல்லவில்லை. யார் வீட்டிலாவது ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள் என்றால், "என்ன வேண்டும்?" என்று கேட்டு அவர்களை யோசிக்க வைக்காமல், அவர்கள் வீட்டு வாசலில் பால் பாக்கெட் கிடக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா என்று போய்ப் பார்ப்பேன். அடுத்த கோடையில் டாக்டர் விட்டால் மறுபடி அதே கால்வாய்க்குப் போவோம். லாக் கதவைத் தள்ளுகிற வேலை எனக்கு, சுக்கானும் பாட்டும் அவருக்கு.

அக்கா, உங்கள் கயிறு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. நீல நிறம், ஒரு முனையில் பின்னிய கண்ணி, மறுமுனை பிரியாமல் சிவப்பு நூலால் இறுக்கிச் சுற்றியது. துவைத்து, காயவைத்து, சுருட்டி வைத்திருக்கிறேன். இதையே ஆங்கிலத்தில் எழுதி, கேன் ஹில் தொண்டர்களிடம் தம்பி ஒரு பிரதி கொடுத்திருக்கிறான். உங்களைப் பார்த்தால் சேர்த்துவிடுவார்கள். இதைப் படிக்கும் யாராவது அந்தப் பக்கம் போய், கூரையில் அவரைக் கொடி படர்ந்த பச்சை நிறப் படகைப் பார்த்தால் தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள்: செப்டம்பரின் எல்லா சனிக்கிழமையும் காலையில் தம்பி டிவைசஸ் படகுத்துறைக்குக் கயிற்றோடு வருவான். கூடவே ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாயும் இருக்கும். காரம் குறைவாகத்தான் போட்டிருக்கிறேன்.

நன்றியுடன்,
அந்த நாரோபோட்டில் வந்த குடும்பம்